பூவாறு காயலுக்கும் குளத்துக்கும் ஒரே படகு: காற்றடிக்கிற படகா, கட்டிக் கயாக்கா?

குளத்தங்கரையான், மார்த்தாண்டம்

அண்ணன்மாருக்கு வணக்கம். இதுவரை என் மீன்பிடி எல்லாம் மாமா குத்தகைக்கு எடுத்திருக்கும் குளத்தில்தான். லாரி டியூப் மேலே பலகை கட்டி, அதில் உட்கார்ந்து விரால் பிடிப்பேன். இரண்டு காலும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொள்ளும், திரும்பிப் பார்த்தால் தூண்டில் பெட்டி மிதந்து போய்க்கொண்டிருக்கும். போதும் என்று ஆகிவிட்டது.

இப்போது கூட்டாளி ஒருவன் கேரளத்துப் பூவாறு காயலில் கொடுவாவும் செம்பல்லியும் பிடித்துப் படம் அனுப்புகிறான். அங்கேயும் போகணும், குளத்துக்கும் ஆகணும். 20,000 ரூபாய் வரை செலவு பண்ணலாம். என் எடை 84 கிலோ. வண்டி ஸ்பிளென்டர். வாடகை வீடு, முதல் மாடி, படி வளைந்து ஏறும். குள நீச்சல் தெரியும்.

காற்றடிக்கிற படகு வாங்கினால் தூண்டில் முள் குத்திப் பஞ்சர் ஆகாதா? கட்டிப் பிளாஸ்டிக் கயாக் என்றால் எப்படிக் கொண்டு போவது? வீட்டில் வேறு, "மாடியில் துணி காயப்போட இடமில்லை, இதில் படகு காயப்போடப் போறீங்களா" என்று கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வேளிமலை, தக்கலை

கட்டிக் கயாக் வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். காரின் மேலே இரண்டு பெல்ட் போட்டுக் கட்டினால் முடிந்தது. காற்றடிக்கிறது எல்லாம் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடத்தான்.


ஷீட்டுக்கடை, குலசேகரம்

வேளிமலைக்காரருக்குக் காரும் இருக்கிறது, போர்டிகோவும் இருக்கிறது. தம்பிக்கு இருப்பது ஸ்பிளென்டரும் வளைந்த படியும். மேலே உட்கார்ந்து ஓட்டும் பத்தடி சிட்-ஆன்-டாப் கயாக் ஒன்று 20 முதல் 30 கிலோ வரும். எடையைத் தோளில் வைத்துவிடலாம், மூன்று மீட்டர் நீளத்தை அந்தப் படியில் எப்படித் திருப்புவது? கீழ்வீட்டுக்காரர் சுவரை உரசாமல் ஒரு தடவை ஏற்றிக் காட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன். மீனைப் பார்த்துப் படகு வாங்காதே தம்பி. வீட்டிலிருந்து தண்ணீர்க்கரை வரைக்கும் உள்ள வழியைப் பார்த்து வாங்கு, அப்புறம் காற்றைப் பார்த்து வாங்கு. மீன் மூன்றாவது.

அதனால் உனக்குக் காற்றடிக்கிறதுதான். ஆனால் அதில் எல்லாம் ஒன்றில்லை.

வட்டம் போல இருக்கும் சின்ன ரப்பர் தோணி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் துடுப்பு மாட்டியது, அதை எடுக்காதே. காற்றில்லாத குளத்துக்குச் சரி. பூவாறில் காற்று எழுந்தால் நீ ஒரு பக்கம் வலிக்க அது இன்னொரு பக்கம் போகும். உனக்கு வேண்டியது நீண்ட உருவில் வரும் கயாக். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 போன்றவை அந்த வகை: 312 செ.மீ. நீளம், 91 செ.மீ. அகலம், தாங்கும் எடை 180 கிலோ என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். இரண்டு பேருக்கானது, நீ ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு மற்றதை நடுவுக்கு நகர்த்து. தாங்கும் எடை என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிற்பது நல்லது. நீ, தூண்டில் சாமான், தண்ணீர்ப் பாட்டில், பிடித்த மீன் எல்லாம் சேர்ந்து 120 கிலோவைத் தாண்டக் கூடாது. உனக்கு இடம் தாராளம்.

அதற்கும் மேலே டிராப் ஸ்டிச் தரை வைத்த கயாக்குகள் இருக்கின்றன. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான நூல் கோத்திருப்பார்கள், 8 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் காற்றடித்தாலும் உப்பாமல் பலகை மாதிரி தட்டையாக நிற்கும். எழுந்து நின்றுகூட வீசலாம். நல்லதுதான், ஆனால் உன் பணத்துக்குள் வராது என்று நினைக்கிறேன். சாதாரண வகையில் தரை கொஞ்சம் நெளியும், உட்கார்ந்தே பிடிக்கணும், அவ்வளவே.

பஞ்சர் பயத்துக்கு வருகிறேன். தூண்டில் முள் குத்தினால் டமார் என்று வெடிக்காது. உள்ளே அழுத்தம் குறைவு. உஸ்ஸென்று மெல்லப் போகும், அறைகளும் தனித்தனி. ஒரு பக்கம் தளர்ந்தாலும் மற்றது மிதக்கும், நிதானமாகக் கரைக்கு வந்துவிடலாம். உண்மையில் பார்த்தால் தூண்டிலைவிட மீன்தான் படகைக் குத்துகிறது. விரால் ஒன்றும் செய்யாது. சிலேபியின் முதுகுத் துடுப்பு, கெளுத்தியின் பக்கமுள், கொடுவாவின் செவிள் மூடியின் ஓரம், இந்த மூன்றும்தான். கொடுவாவின் செவிள் ஓரத்தில் ஒருமுறை விரலை இழுத்துப் பார், பிளேடு தோற்கும். அது படகுக்குள் விழுந்து துள்ளினால் டியூப்பின் ஓரத்தை அறுத்துவிடும்.

அதற்கு வழி இருக்கிறது. காலடியில் பழைய யோகா மேட் ஒன்றை வெட்டி விரி. இரண்டு கால்களுக்கு நடுவில் மூடிபோட்ட பெயிண்ட் வாளி ஒன்று, உள்ளே நனைத்த சாக்கு. மீனைப் படகுக்குள் போட்டுக் கழற்றாதே. வலையில் எடுத்து, வலையோடு வாளிக்கு மேலே பிடித்து, குறடால் தூண்டிலைத் திருகிவிட்டால் மீன் நேராக வாளிக்குள் விழும். சாக்கு ஈரமாக இருந்தால் துள்ளலும் அடங்கும். உபயோகத்தில் இல்லாத தூண்டில்களை எல்லாம் ஒரு தெர்மோகோல் துண்டில் குத்திவை.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடைக்குக் கொண்டு போகாதே. டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் ரப்பருக்கானது, இது பிவிசி. ஒட்டினது போல நிற்கும், மறுநாள் தோல் உரிவதுபோல உரிந்து வரும். (ரப்பர் வியாபாரம் பார்க்கிறவன் சொல்கிறேன், நம்பு.) சோப்புத் தண்ணீர் தேய்த்துக் குமிழ் வருகிற இடத்தைப் பேனாவால் வட்டமிடு. நன்றாகக் காயவிட்டு, பொடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் துடைத்து, பிவிசிக்கென்று விற்கும் பசையைத் துண்டிலும் படகிலும் மெல்லிசாகத் தடவு. விரலில் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் ஒட்டி, ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய். ஒரு நாள் முழுக்கக் காற்றடிக்காமல் விடணும். அவசரப்பட்டவர்களுக்குத்தான் மறுபடியும் ஒட்டுகிற வேலை.

வெயிலைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் டைட்டாக அடித்த படகைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் உள்காற்று விரிந்து ஒட்டு இழுபடும். கரையேற்றினால் கொஞ்சம் காற்றை விட்டுவிடு, அல்லது நிழலில் போடு. தண்ணீரில் இறக்கினதும் குளிர்ந்து தளரும், அப்போது திரும்ப நாலு பம்பு.

மாடிப் பிரச்சினை: நிமிர்த்திவைக்க அவசியமே இல்லை. உப்புத்தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவு, முக்கியமாகத் தரைக்கும் பக்க டியூப்புக்கும் இடையிலுள்ள மடிப்பில் மணல் நிற்கும், அதுதான் உள்ளிருந்தே அராவிக்கொண்டிருக்கும். துணியால் துடைத்து, அரைக்காற்றோடு கைப்பிடிச் சுவரில் சாய்த்தால் துணிக்கொடிக்குக் கீழே இடம் போதும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும், நாற்றம் வரும், அப்போது வீட்டில் திட்டு வாங்குவது நியாயம்தான். எலி கடிக்காத இடமாகப் பார்த்து வை.

இனி காற்று. காற்றடிக்கிற கயாக் தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும், கீழே பிடிப்பு இல்லை. அதனால் அடியில் பின்பக்கம் ஃபின் என்கிற தகடு மாட்டாமல் காயலில் இறங்காதே. குளத்தில் பாசி இருந்தால் கழற்று. பூவாறில் விடியற்காலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து லேசாக அடிக்கும், வெயில் ஏறினதும் கடற்காற்று திரும்பி உள்ளே அடிக்கும். எப்போதும் போகும்போது காற்றுக்கு எதிரே போ, வரும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும். கை சோர்ந்த பிறகு எதிர்காற்றில் துடுப்பு வலிப்பது என்றால் ஆள் அழுதுவிடுவான். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக் குளங்களுக்கு இதைக் கொண்டு போகவே போகாதே. அங்கே காற்றாலை நட்டுவைத்திருப்பது சும்மாவா?

இரண்டு இடம் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தில் இருக்கிறதே என்று நெய்யாறு அணைக்குப் போகாதே. அது வனவிலங்குச் சரணாலயம், தண்ணீரில் சீங்கண்ணி முதலை உண்டு. அங்கே முதலை வளர்ப்பு மையமே இருக்கிறது. சுசீந்திரம் - தேரூர் குளங்கள் பறவைகளுக்கானவை, 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. அங்கே தூண்டில் வேலை வேண்டாம். மற்ற குளம் எதுவானாலும் மீன் குத்தகை யாருடையது என்று கேட்டுவிட்டு இறங்கு. தாமரைக் குத்தகைக்காரர் வேறு ஆளாக இருப்பார், அவரிடமும் ஒரு வார்த்தை.


குளத்தங்கரையான்

அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பெயிண்ட் வாளி யோசனைக்கே தனியாக நன்றி. கூட்டாளி, பொழி வரைக்கும் போய் அங்கே நங்கூரம் போட்டால்தான் பெரிய கொடுவா கிடைக்கும் என்கிறான். கடல் சும்மா கிடக்கிற நாளில் பொழி தாண்டி வெளியேயும் போகலாமாம். காற்றடிக்கிற கயாக்கில் போகலாமா?


திரைக்கு அந்தப்புறம், இரையுமன்துறை

தம்பி, நான் கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை. உன் கூட்டாளியிடம் சொல்லு, பொழிக்குள்ளே நங்கூரம் போடுகிறவன் நீச்சல் தெரிந்தவனாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

பொழி என்றால் காயலும் கடலும் சேருகிற வாய். மழை பெய்து நெய்யாற்றில் தண்ணீர் ஏறினாலும் சரி, கடல் இறங்கி வற்றம் இழுத்தாலும் சரி, மொத்தக் காயலும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகணும். நம்ம கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லையே, என்ன பெரிய இழுப்பு என்று நினைப்பார்கள். வாய் குறுகலானால் அந்தக் கொஞ்சத் தண்ணீரே ஆளை வாரிக்கொண்டு போகும். இழுப்பு வெளியே போகிறது, எதிரே திரை, அதாவது அலை, உள்ளே வருகிறது, இரண்டும் முட்டுகிற இடத்தில் திரை நிமிர்ந்து உடையும். எங்கள் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் எஞ்சின் வைத்த வள்ளமே கவிழ்ந்து ஆள் போயிருக்கிறது. அங்கே நீ காற்றடித்த சாமானில் துடுப்போடு என்ன பண்ணுவாய்?

நங்கூரம் பற்றியும் கேள். ஓட்டமுள்ள தண்ணீரில் படகின் நடுப்பக்கத்தில் கயிறு கட்டினால் ஓட்டம் படகைக் குறுக்கே திருப்பும், ஓட்டம் வருகிற பக்கம் தாழும், தண்ணீர் ஏறும், கவிழும். முன்னாலோ பின்னாலோ நுனியில் மட்டும் கட்டு. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் உனக்குப் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று நாலு மடங்கு விடணும், நேர் கீழே விட்டால் பிடிக்காது. கயிற்றின் மேல்நுனியில் ஒரு மிதவை, கொக்கி மாட்டி வை. பெரிய டூரிஸ்ட் போட் வந்தாலோ நங்கூரம் மாட்டிக்கொண்டாலோ கொக்கியைக் கழற்றிவிட்டு நகர்ந்துவிடலாம், மிதவையைப் பார்த்துப் பிறகு எடுக்கலாம். இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும். பூவாறில் அந்த டூரிஸ்ட் போட்டுகள் கண்டல் காட்டு வளைவில் சத்தமில்லாமல் வந்து நிற்கும், அலையைக் குறுக்கே வாங்காதே, மூக்கை அதை நோக்கித் திருப்பு.

கடலுக்கு வேண்டாம். கடல் சும்மா கிடக்கிற நாள் என்று நீ கரையில் நின்று சொல்ல முடியாது. கள்ளக்கடல் கேள்விப்பட்டிருப்பாய். இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், வெகு தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும்பின புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் போனது அப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, கிளம்புமுன் அதைப் பார்க்கிற பழக்கம் வை. எச்சரிக்கை உள்ள நாளில் காயலின் வாய்ப்பக்கமும் போகாதே.

கட்டுமரத்தில் எங்கள் அப்பன்மார் போகவில்லையா என்று கேட்பாய். கட்டுமரத்தில் தண்ணீர் ஏறினால் மரத்துக்கு நடுவிலேயே இறங்கிப்போகும், கவிழ்ந்தாலும் பிடித்துப் புரட்டி ஏறிவிடுவார்கள், சின்னதிலேயே பழகின உடம்பு. அந்தக் கட்டிக் கயாக்கிலும் ஓட்டை வைத்து அதே வித்தைதான் பண்ணியிருக்கிறான். நீ ஏறப் பழகினாயா? அதை முதலில் சொல்லு.


குளத்தங்கரையான்

சரி அண்ணே, பொழி வேண்டாம். கூட்டாளிக்கும் இதை அப்படியே அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை. திரும்ப ஏறுவது எப்படிப் பழகுவது?


ஷீட்டுக்கடை, குலசேகரம்

மாமா குளம் எதற்கு இருக்கிறது? நெஞ்சளவு தண்ணீரில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே கவிழ். கரையில் ஒருவரை நிறுத்திக்கொள். படகு குப்புறக் கிடந்தால் முதலில் அதைப் புரட்டு. அப்புறம் பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் எதிர்ப்பக்கத்து ஓரத்தைப் பிடி. கால் இரண்டையும் பின்னால் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து நீந்துகிற மாதிரி உதை, உடம்பு தட்டையாக மேலே வழுக்கி ஏறும். தொப்புள் படகின் நடுவுக்கு வந்ததும் நிறுத்து. புரண்டு மல்லாந்து உட்கார், கால் கடைசியில் உள்ளே வரட்டும். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏறப் பார்த்தால் படகு உன்மேல் கவிழும், எல்லாரும் முதலில் அதைத்தான் பண்ணுவார்கள். தரையில் கால் ஊன்றாமல் ஏற வருகிற வரைக்கும் பூவாறு கிடையாது.

ஜாக்கெட் நுரை வைத்தது வாங்கு, முதுகில் உயரம் குறைந்தது பார், இல்லாவிட்டால் சீட்டில் சாய முடியாது. ஒரு விசிலைக் கட்டிவை. சூடாக இருக்கிறது என்று கழற்றிக் காலடியில் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். துடுப்பையும் தூண்டில் ராடையும் சுருள் கயிறால் படகோடு கட்டு. ஆனால் உன் உடம்பில் எதையும் கட்டாதே.


நாணல்மேடு, தடா

நான் ஆந்திரா எல்லையில் இருக்கிறேன், பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கம். எங்கள் தண்ணீர் வேறு மாதிரி, பெரும்பாலும் இடுப்பளவே. இங்கே நங்கூரத்துக்குப் பதிலாக மூங்கில் கழிதான். ஆளுயரத்துக்கு மேலே கொஞ்சம் இருக்கிற மூங்கிலை ஒரு முனை சீவி, பின்பக்கம் சேற்றில் சாய்த்துக் குத்தி ஒரு சுற்றுக் கயிறு போட்டால் படகு அசையாது. சத்தம் இல்லை, மடவை மீன் கலையாது. எடுக்கும்போது பிடுங்கினால் முடிந்தது. உங்கள் குளத்துக்கும் இது நன்றாக ஆகும், ஒரே கவனம், கழியின் கூர்முனை டியூப்பைத் தொடக் கூடாது.

சிப்பிப் படுகை உள்ள இடத்தில் காற்றடிக்கிற படகை இழுக்காதீர்கள். முழங்கால் தண்ணீரிலேயே இறங்கித் தூக்கிவிடுங்கள். கனமான செருப்பு போட்டுக்கொண்டு இறங்குங்கள். சேறு ஆழமாக இருந்தால் இறங்கவே வேண்டாம், கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

அப்புறம், பழவேற்காட்டுக்கு யாராவது கயாக் கொண்டுவர நினைத்தால்: ஏரியில் எந்தத் தலைமுறையிலிருந்தோ பாடு முறை இருக்கிறது, எந்த ஊர் எங்கே வலை போடுவது என்பது அவர்களுக்குள் பங்கு போட்டது. கேட்காமல் நடுவில் போய்த் தூண்டில் போட்டால் சண்டைதான். பூநாரை இறங்கிற பகுதிப் பக்கம் போகக் கூடாது. ஶ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்களுக்கே தடை, நமக்குக் கேட்கவே வேண்டாம்.


குளத்தங்கரையான்

மூங்கில் யோசனை அருமை, மாமா தோட்டத்திலேயே வெட்டிக்கொள்ளலாம். கடைசியாக இரண்டு சின்னக் கேள்வி. துடுப்பு எந்த நீளம்? இப்போது என்னிடம் இருக்கும் ஒன்பதடி ராடு ஆகுமா?


ஷீட்டுக்கடை, குலசேகரம்

91 செ.மீ. அகலம் என்றால் 230, 240 செ.மீ. துடுப்பு பார். கூட வருகிறது சில சமயம் குட்டையாக இருக்கும், டியூப்பில் கை இடித்துக்கொண்டே வலிக்கணும். மூட்டு கழற்றுகிற அலுமினியத் துடுப்பு பரவாயில்லை, வண்டியில் பையோடு போகும்.

ஒன்பதடி ராடு கரையிலிருந்து வீசுவதற்கு. உட்கார்ந்த நிலையில் மீனைப் படகருகே கொண்டுவரும்போது நுனி தலைக்கு மேலே எங்கேயோ நிற்கும், வலையை எட்ட முடியாது. ஆறரை, ஏழு அடி போதும். விராலுக்குத் தவளை லூர் (தவளை உருவப் போலி இரை) போடுகிறவனானால் கொஞ்சம் முறுக்கான ராடாக எடு, பாசியோடு சேர்த்து இழுக்கணுமே. மீன் மாட்டினதும் ஒரு விஷயம் பார்த்து ஆச்சரியப்படுவாய், கொஞ்சம் பெரிய விரால் என்றால் உன்னையே இழுத்துக்கொண்டு பாசிக்குள் போகும். அதற்குத்தான் அந்த மூங்கில்.

பம்பு வாங்கும்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா பார். காற்று அடிக்கிற வாயும் உறிஞ்சுகிற வாயும் இருக்கணும். கிளம்பும்போது உறிஞ்சி எடுத்தால்தான் பையில் அடங்கும், இல்லாவிட்டால் பெட்டியில் வந்த படகு திரும்பப் பெட்டிக்குள் போகவே போகாது, ஸ்பிளென்டர் பின்சீட்டில் மெத்தை மாதிரி உட்காரும். களியக்காவிளைச் செக்போஸ்டில் நிறுத்தி என்ன மூட்டை என்று கேட்பார்கள்.